கவுன்ட்டருக்குக் கீழே ஒரு கால்

அந்த மருந்துக்கடையில் வேலை பார்த்தவர்களைத் தெருவே அறியும். ஆனால் இடுப்புக்கு மேலேதான் அறியும். அதற்குக் கீழே கவுன்ட்டர். முன்பக்கம் கண்ணாடி. கண்ணாடிக்குள் இருமல் மருந்து, பற்பசை, குழந்தை சோப்பு. அவை சரிந்துவிடாமல் இருக்க, பின்னால் காலி அட்டைப்பெட்டிகளை முட்டுக் கொடுத்திருந்தார்கள். அந்தப் பெட்டிகளுக்கும் பின்னால்தான் கால்கள் இருந்தன. பார்த்தவர் யாருமில்லை.

அங்கே வேலை பார்த்த அவளுக்கு மெக்னீசியம் என்று பெயர். வைத்தவர் மருந்துக் கம்பெனியின் மெடிக்கல் ரெப். "உங்க கடையில மருந்து விக்கலை சார், மெக்னீசியம் நின்னு மெக்னீசியம் விக்குது" என்று முதலாளியிடம் ஒருநாள் சொல்லிச் சிரித்தார். அவர் சிரித்தால் முதலாளியும் சிரிப்பார், முதலாளி சிரித்தால் கடையே சிரிக்கும். பெயர் ஒட்டிக்கொண்டது. அவளும் கோபப்படவில்லை. அதற்கு முன் அவளை அங்கே "இந்தாம்மா" என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

வயிறு தெரிய ஆரம்பித்ததும் மற்ற கடைகளில் பெண்களைப் பின்பக்கம் அனுப்புவார்கள். இவளைப் பின்பக்கத்திலிருந்து முன்பக்கம் இழுத்துவந்து நிறுத்தினார் முதலாளி. அதைப் பெருந்தன்மை என்று அவள் கொஞ்ச நாள் நம்பினாள்.

"உன் வயிறு ஒரு போர்டும்மா" என்றார் அவர். "மத்த போர்டுக்கு லைட் போடணும், தூசி தட்டணும். இதுக்கு ஒண்ணும் வேணாம். அதுவா வளரும்."

விற்க வேண்டிய பாட்டில் ஒன்றுதான். கர்ப்பிணிகளுக்குக் கெண்டைக்கால் சதை இழுத்துப் பிடிக்கிறதல்லவா, அதற்கான மாத்திரை. உள்ளே மெக்னீசியம், கொஞ்சம் கால்சியம், பெயருக்கு இரண்டு வைட்டமின். பாட்டில் மேல் ஒரு பெண் ஓடிக்கொண்டிருப்பாள். மாசமான பெண்களுக்கு விற்கிற பாட்டிலில் ஒருத்தி எதற்காக ஓடுகிறாள், எவனிடமிருந்து ஓடுகிறாள் என்று யாரும் கேட்டதில்லை.

அவள் விற்கிற விதம் எளிமையானது. வந்தவள் வலியைச் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசமாட்டாள். பிறகு பாட்டிலை எடுத்து, லேபிள் வந்தவள் பக்கம் இருக்கும்படி வைப்பாள். "முதல் பாட்டில் உடம்பு பழகறதுக்கு. ரெண்டாவது பாட்டில்லதான் வலி கேட்கும். பாதியில விட்டுடாதீங்க" என்பாள். அதற்குப் பிறகு ஒரு சின்ன நிறுத்தம். குரலைத் தணித்து, ஏதோ குடும்ப ரகசியம் போல, "நானும் இதைத்தான் போடறேன்" என்பாள். எதிரே நிற்பவளின் பார்வை தானாக அந்த வயிற்றுக்கு இறங்கும். வியாபாரம் முடிந்தது.

அப்போது அவள் அதைப் போட்டுக்கொண்டிருக்கவில்லை. அவளுக்கு எந்தக் காலிலும் எதுவும் பிடிக்கவில்லை. ஆனாலும் அது பொய் என்று அவளுக்குத் தோன்றவில்லை. யூனிஃபார்ம் கோட்டு மாதிரி அதுவும் கடையோடு சேர்ந்தது. கடைக்குள் வந்ததும் மாட்டிக்கொள்வாள், போகும்போது கழற்றி வைப்பாள்.

இன்னொன்றும் இருந்தது. இதற்கு முன் இரண்டு முறை, வயிறு வெளியே தெரிவதற்குள்ளேயே எல்லாம் முடிந்துபோயிருந்தது. அப்போதெல்லாம் அவள் சொல்லித்தான் ஊருக்குத் தெரிய வேண்டியிருந்தது, சொல்லி முடிப்பதற்குள் சொல்ல ஒன்றுமில்லாமல் போயிற்று. இந்த முறைதான் வயிறு தானே பேசியது. அதைப் போர்டு என்றாலும் சரி, விளக்கு என்றாலும் சரி, நாலு பேர் பார்க்கிற இடத்தில் அது நின்றால் அவளுக்கு இனித்தது. இந்தப் பிள்ளை தங்கிவிட வேண்டும். வேறு வேண்டுதல் அவளிடம் இல்லை.

கடையில் ஒரு ஸ்டூல் உண்டு. அதில் கால்குலேட்டர் உட்கார்ந்திருந்தது. "நீ உட்கார்ந்தா வயிறு கவுன்ட்டருக்குக் கீழே போயிடும். அப்புறம் எதுக்கு முன்னாடி நிக்க வெச்சேன்?" என்று முதலாளி நியாயமாகக் கேட்டார். "நிக்க முடியலைன்னா சொல்லு. வீட்டுல ஓய்வு எடு. நான் ஒண்ணும் கல்நெஞ்சன் இல்லை." அந்த ஓய்வுக்கு என்ன பெயர் என்று அவளுக்குத் தெரியும். அவளுக்கு முன்னால் அங்கே நின்றவள் அப்படி ஓய்வெடுக்கப் போனவள்தான், இன்னும் எடுத்துக்கொண்டிருக்கிறாள்.

இப்படி இருக்கும்போதுதான் இடது கால் வலிக்க ஆரம்பித்தது.

முதலில் அவளுக்கு ஒரு வேடிக்கையான நிம்மதி. கேட்டுக் கேட்டு மனப்பாடமான வலி, கடைசியில் தனக்கும் வந்துவிட்டது. எல்லாப் பெண்களுக்கும் வருவது தனக்கும் வருகிறதென்றால், எல்லாப் பெண்களுக்கும் நடப்பது தனக்கும் நடக்கப்போகிறது என்றுதானே அர்த்தம்? ஒரு பாட்டிலைத் தன் கணக்கில் எடுத்துக்கொண்டாள். அன்றைக்கு வந்த வாடிக்கைக்காரியிடம் "நானும் இதைத்தான் போடறேன்" என்று சொன்னபோது நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்துகூட இருந்தது. உண்மை பேசுவது எவ்வளவு சுலபம் என்று ஆச்சரியப்பட்டாள்.

வலி கேட்கவில்லை. முதல் பாட்டில் பழகத்தானே? காத்திருந்தாள்.

அந்தக் கட்டடத்தின் மாடியில் ஒரு டாக்டர் இருந்தார். அவர் எழுதினால் இவர்கள் விற்பார்கள். இவர்கள் விற்பதால்தான் அவர் எழுதுகிறார் என்றும் சொல்வார்கள், அந்த வழக்குக்குள் நாம் போக வேண்டாம். கடை ஆட்கள் அவரிடம் டோக்கன் எடுத்துப் போவது வழக்கமில்லை. அது ஏதோ சொந்த அண்ணன் கல்யாணத்துக்கு டிக்கெட் வாங்கிக்கொண்டு போவது மாதிரி. டாக்டர் காலையில் வந்ததும் கார் சாவியைக் கடையில் கொடுப்பார், போகும்போது வாங்கிக்கொள்வார். சாவி கைமாறுகிற அந்த நேரத்தில் கடை ஆட்கள் தங்கள் வியாதிகளைச் சொல்லிக்கொள்வார்கள். தலைவலியோ மூலமோ, சாவி பாக்கெட்டுக்குள் போவதற்குள் சொல்லி முடித்துவிட வேண்டும்.

"டாக்டர், கால்ல இழுத்துப் பிடிக்குது."

"மாசமா இருந்தா பிடிக்கத்தாம்மா செய்யும். மெக்னீசியம் போட்டுக்கோ." சாவி பாக்கெட்டுக்குள் போயிற்று. வாசல்வரை போனவர் திரும்பி, "உனக்கே சொல்றேன் பாரு!" என்று சிரித்துவிட்டுப் போனார்.

அவள் இருந்தது கவுன்ட்டருக்குப் பின்னால். கால் இருந்தது பெட்டிகளுக்குப் பின்னால். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. கேட்டவளே காலைக் காட்ட நினைக்கவில்லை. அங்கே யாரும் யாருக்கும் எதையும் காட்டுவதில்லை, சொல்வதோடு சரி.

விஷயம் பரவியதும் அன்பு கொட்ட ஆரம்பித்தது. அவரவர் கையில் இருந்ததை வைத்து அவரவர் வைத்தியம். முதலாளி, விற்காமல் கிடந்த கால்சியம் அட்டைகளை எடுத்துக் கொடுத்தார். ரெப் சாம்பிள் மாத்திரைகளைக் கை நிறையத் தந்து, கைமாறாக ஒரு போட்டோ கேட்டார். ஒரு கையில் பாட்டில், ஒரு கை வயிற்றில். "சிரிங்க மெக்னீசியம்!" என்றார். தலையிலிருந்து வயிறுவரை எடுத்தார். அதற்குக் கீழே எதற்கு? எதிர் டீக்கடைக்காரர், வாழைப்பழத்தில் எல்லாம் இருக்கிறது என்று தினமும் இரண்டு பழம் அனுப்பினார். இரண்டிலும் ஒரு பக்கம் அழுகியிருக்கும்.

வீட்டில் கணவன். லிஃப்ட் பழுது பார்க்கிறவன். மேலும் கீழும் போகிற எல்லாவற்றைப் பற்றியும் அவனுக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு.

"கேபிள் மாதிரிதான். லோடு ஏற ஏற இழுக்கும். இறங்கினா சரியாயிடும்" என்றான்.

"எப்ப இறங்குமாம்?"

"அதுக்குத்தான் மாசக் கணக்கு இருக்கே."

விடியற்காலையில் அவள் கத்தி எழுந்தால், அவன் அரைத்தூக்கத்திலேயே எழுந்து உட்கார்ந்து, கட்டைவிரலைப் பிடித்துப் பாதத்தை மேல்நோக்கி மடக்கிவிடுவான். முதலில் ஓரிரு முறை அது கேட்டது. அப்புறம் கேட்கவில்லை. வலி வந்து போகிற வலியாக இல்லாமல், வந்து குடியேறிய வலியாக இருந்தது. வாடகைக்கு வந்தவன் போல இல்லை, பத்திரம் முடித்து வந்தவன் போல.

மாமியார் ஒரு விடுதியில் துணி துவைக்கிறவர். மெத்தை விரிப்புகளை முறுக்கிப் பிழிந்து பிழிந்து, அவர் கைகளுக்கு ஆண்பிள்ளைத்தனம் வந்துவிட்டிருந்தது. வேலை முடிந்து வந்ததும் எண்ணெயைச் சூடு பண்ணிக்கொண்டு மருமகளின் காலடியில் உட்காருவார்.

"வேணாம் அத்தை. நீங்களே நின்னு நின்னு வந்திருக்கீங்க."

"நீ மட்டும் என்ன, சிம்மாசனத்துல இருந்தா வந்தே? காலை நீட்டு. தண்ணி கோத்திருக்கு. பிழிஞ்சாத்தான் இறங்கும்."

பிழிவார். முழங்காலிலிருந்து கணுக்கால்வரை, கணுக்காலிலிருந்து முழங்கால்வரை. அவள் பல்லைக் கடித்துக்கொள்வாள். வலிக்கிறது என்று சொன்னால், வலித்தால்தான் நல்லது என்பார். முதல் இரண்டு முறையும் துக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், அந்தக் கைகளால் அவளுடைய துணிகளை எல்லாம் துவைத்துக் காயப்போட்டவர் அவர். அந்தக் கைகளைத் தட்டிவிட அவளால் முடியாது.

இரண்டாவது பாட்டிலும் முடிந்தது. இங்கேதான் அவள் அந்தத் தப்பைச் செய்தாள். வேறு எந்தப் பெண்ணாக இருந்தாலும், "என்ன கருமம் பிடிச்ச மாத்திரை இது, ஒண்ணுமே கேட்கலை" என்று பாட்டிலைத் தூக்கிப்போட்டுவிட்டு வேறு வழி பார்த்திருப்பாள். இவளால் முடியவில்லை. "கேட்கலைக்கா" என்று திரும்பி வருகிற பெண்களுக்குச் சொல்ல அவளிடம் பதில் தயாராக இருந்தது. "சிலருக்கு மூணாவது பாட்டில்லதான் கேட்கும்." கடையில் எத்தனையோ பேருக்குச் சொன்ன பதில். அதைத் தனக்கும் சொல்லிக்கொண்டாள், தானே கேட்டுக்கொண்டாள். விற்பவளும் அவளே, வாங்குபவளும் அவளே. மூன்றாவது பாட்டிலைத் திறந்தாள்.

ஒருநாள் காலை, இடது செருப்புக்குள் கால் போகவில்லை.

வேலைக்குப் போகிற வழியில் ஒரு செருப்புக்கடை. அப்போதுதான் திறந்திருந்தார்கள். விற்பனையாள் ஓர் இளைஞன். அவள் பெஞ்சில் உட்கார்ந்ததும் முன்னால் குந்தி உட்கார்ந்தான். ஒருவர் காலை இன்னொருவர் குனிந்து பார்க்கிற தொழில் உலகத்தில் மிச்சமிருப்பது இது ஒன்றுதான்.

பார்த்தவன் தலையைச் சொறிந்தான். "என்னக்கா, ரெண்டு காலும் ரெண்டு வீட்டுக் காலா?"

அவள் குனிந்து பார்க்க முயன்றாள். வயிறு மறைத்தது. பல நாட்களாகவே அப்படித்தான். அவளுக்கும் தன்னை வயிறுவரைதான் தெரியும்.

"வீக்கம் இருக்கா?"

"வீக்கமா? வயித்துக்குப் போட்டியா இது ஒண்ணு தனியா மாசமா இருக்குக்கா. செவசெவன்னு இருக்கு. சூடு வேற." கையை உதறிக்கொண்டான். ஆனால் அவன் கவலைப்படவில்லை. அவன் கடையில் அதற்கும் தீர்வு இருந்தது. எழுந்து போய் ஒரு பெட்டியோடு வந்தான். "ஒரு சைஸ் பெரிசா எடுத்துக்கோங்க. வலது காலுக்கு உள்ளே ஸ்பாஞ்ச் வெச்சுத் தர்றேன். முதல்ல கொஞ்சம் லூசாத்தான் இருக்கும். போடப் போடப் பழகிடும்."

பிறகு ஒரு சின்ன நிறுத்தம். குரலைத் தணித்தான்.

"நானே இதைத்தான்க்கா போடறேன்."

அவள் அவன் காலைப் பார்த்தாள். பெஞ்சுக்கு எதிரே நீட்டிக்கொண்டிருந்த அந்தக் காலில் இருந்தது வேறு ஏதோ பழைய செருப்பு. வார் அறுந்து, கம்பியால் கட்டியிருந்தது.

அவளுக்குக் கோபம் வரவில்லை. தன் குரலைத்தான் வேறொருவர் வாயில் கேட்டாள். அதே நிறுத்தம், அதே தணிவு, அதே கனிவு. அந்தப் பையன் கெட்டவனும் இல்லை. அவனிடம் செருப்பு இருந்தது, அவளிடம் ஒரு கால் இருந்தது, அவ்வளவுதான். அவன் அந்தக் காலைத் தொட்டுச் சூடு என்று சொன்னான். சொல்லிவிட்டு அதற்கு அளவாக ஒரு செருப்பைத் தேடினான்.

செருப்பு வாங்காமல், ஒரு காலில் செருப்பும் ஒரு காலில் வெறும் பாதமுமாக அவள் மருந்துக்கடைக்கு வந்தாள். கவுன்ட்டருக்குள் போகவில்லை. பக்கத்துப் படியில் ஏறினாள். முதலாளி, "ஏம்மா, அங்க எங்கே?" என்று கூப்பிட்டது கேட்டது. பாதி ஏறுவதற்குள் மூச்சு வாங்கியது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்று, மறுபடி ஏறினாள்.

டோக்கன் எடுத்தாள். முறை வந்தபோது டாக்டர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "என்ன மெக்னீசியம், கீழே கடை திறக்கலையா?" என்றார்.

"டோக்கன் எடுத்துத்தான் வந்திருக்கேன் டாக்டர்."

அவள் குரலில் ஏதோ இருந்திருக்க வேண்டும். அவர் சிரிக்கவில்லை. படுக்கச் சொன்னார். காலைப் பார்த்தார். இரண்டு கால்களையும் மாறி மாறிப் பார்த்தார். அளவு நாடாவை எடுத்தார், அளக்காமலே கீழே வைத்தார்.

"எத்தனை நாளா இப்படி?"

"உங்ககிட்ட சொன்னேனே டாக்டர்."

"எப்ப சொன்னே?"

"சாவி வாங்க வந்தப்ப."

அவர் போனை எடுத்தார். பேசும்போது அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பேசினார். காலில் ரத்தம் உறைந்து கட்டியிருக்கிறது, சதைப்பிடிப்பு இல்லை, உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று பிறகு அவளிடம் சொன்னார். "யாராவது காலைத் தேய்ச்சு விட்டாங்களா? தேய்ச்சா கட்டி உடைஞ்சு நகரும்" என்று கேட்டார்.

"இல்லை டாக்டர்" என்றாள். அன்றைக்கு அவள் சொன்ன பொய் அது ஒன்றுதான். பிற்பாடு ஆஸ்பத்திரியில் அதே கேள்வியைக் கேட்டபோதும் அதையே சொன்னாள். மாமியார் பக்கத்தில் நின்றார். கைகளைப் புடவைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டு நின்றார்.

அதற்கப்புறம் நடந்ததை நீட்டிச் சொல்வதில் யாருக்கும் லாபமில்லை. உறைந்ததில் ஒரு துண்டு நுரையீரலுக்குப் போயிருந்தது. மூச்சு வாங்கியது அதனால்தான். அவளைக் காப்பாற்ற எல்லோரும் ஓடினார்கள். வயிற்றிலிருந்த பிள்ளையை முன்கூட்டியே வெளியே எடுத்தார்கள். பெண் பிள்ளை. அழவில்லை. அவள் கண் விழித்தபோது கணவன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அவளுடைய கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டிருந்தான், வலது காலின் கட்டைவிரலை. இடது காலைத் தொட அவனுக்குப் பயம்.

பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள். "கொஞ்சம் முன்னாடியே காட்டியிருக்கலாமே." முதலாளியும் சொன்னார். டாக்டரும், தலையைக் குனிந்துகொண்டு, அதையே சொன்னார். யாரிடம் காட்டியிருக்கலாம் என்று அவள் கேட்கவில்லை. மாமியார் மட்டும் சொல்லவில்லை. அவர் வீட்டில் எண்ணெய்ப் பாத்திரத்தைத் தேய்த்துக் கழுவி, கவிழ்த்து, பரண் மேல் ஏற்றி வைத்துவிட்டார். அதன் பிறகு சமையலுக்குக்கூட அவர் எண்ணெயைச் சூடு பண்ணினால் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் பண்ணினார்.

ரத்தம் உறையாமல் இருக்க ஊசி. தினமும் வயிற்றில் போட்டுக்கொள்ள வேண்டும். "காலி வயித்துல" என்று அவள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள், கணவன் எழுந்து வெளியே போய்விட்டான். காலுக்கு ஓர் இறுக்கமான உறை. அந்தக் கால் இனி முழுசாகப் பழையபடி ஆகாமல் போகலாம் என்று சொல்லியிருந்தார்கள்.

ஊசி வாங்க அவள் தன் கடைக்கே போனாள். இந்த முறை கவுன்ட்டருக்கு இந்தப் பக்கம். அந்தப் பக்கம் ஒரு புதுப் பெண் நின்றுகொண்டிருந்தாள். பின்னால் அலமாரிக் கண்ணாடியில், ரெப் எடுத்த இவளுடைய படம் ஒட்டியிருந்தது. ஒரு கையில் பாட்டில், ஒரு கை வயிற்றில். ஆளுயரத்தில் பாதி. நல்ல அச்சு. அவள் நின்ற இடத்திலிருந்து பார்த்தால், படம் முடிகிற இடத்தில் சரியாகக் கவுன்ட்டர் ஆரம்பித்தது.

"வாம்மா, வாம்மா" என்று முதலாளி எழுந்தார். முதல் தடவையாகக் கால்குலேட்டரை எடுத்துவிட்டு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்து போட்டார். "வேலைக்கு என்ன அவசரம்? நல்லா ஓய்வு எடு."

"படத்தை எடுத்துடலாமா முதலாளி?"

"எடுத்துடலாம், எடுத்துடலாம். கம்பெனிக்காரங்க ஒட்டினது. நாமளா கிழிச்சா தப்பாயிடும். ரெப் வரட்டும்." அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. அந்தப் படத்துக்கு நல்ல வியாபாரமும் இருந்தது.

அப்போது ஒருத்தி உள்ளே வந்தாள். பள்ளி வேன் ஓட்டுகிறவள். வேனை வாசலில் அணைக்காமலே நிறுத்தியிருந்தாள். பெரிய வயிறு, கையில் ஸ்டியரிங் பிடித்த கறுப்பு. "இந்த மாத்திரைதான் வேணும்" என்று படத்தைக் காட்டினாள். காட்டிய விரல் அப்படியே நின்றது. "அக்கா, இது நீங்கதானே?"

அவள் தலையாட்டினாள்.

"சும்மா மாடல்னு நினைச்சேன். நிஜ ஆளா? அப்ப நம்பி வாங்கலாம்." சிரித்தாள். பார்வை ஸ்டூலில் இருந்தவளின் வயிற்றுக்கு இறங்கி, மறுபடி மேலே வந்தது. "என்ன குழந்தைக்கா?"

"பொண்ணும்மா" என்றார் முதலாளி அவசரமாக. "நல்லா இருக்கு."

அவர் அதைக் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. வாடிக்கைக்காரி எதிரே நின்றால் அவர் வாயில் நல்ல செய்தி மட்டும்தான் வரும். வாய் பழகிவிட்டது. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே தெரிந்தது போல, பில் புத்தகத்தைத் தேட ஆரம்பித்தார். பில் புத்தகம் அவர் கையிலேயே இருந்தது.

அவள் முதலாளியைப் பார்க்கவில்லை. வேன்காரியைப் பார்த்துக் கேட்டாள்.

"வலி ஒரு கால்லயா, ரெண்டு கால்லயுமா?"

"ஒரு கால்தான்க்கா. இடது கால்."

"காலைக் காட்டு."

"இங்கேயா?" வேன்காரி சிரித்தாள். "எதுக்குக்கா? அதான் பாட்டில் இருக்கே. நீங்களும் இதைத்தானே போட்டீங்க?"

"போட்டேன்."

"அப்புறம் என்ன?"

அவள் இடது செருப்பைக் கழற்றினாள். ஒரு கையால் கவுன்ட்டர் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் காலைத் தூக்கி, கண்ணாடியின் மேல், பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தாள். உறையைக் கீழே சுருட்டினாள். அந்தக் கடையில் கவுன்ட்டருக்கு மேலே வந்த முதல் கால் அது. புதுப் பெண் ஓரடி பின்னால் நகர்ந்தாள். முதலாளி, "ஏம்மா, ஏம்மா" என்றார்.

"பொண்ணு இல்லை" என்றாள் அவள். "போயிடுச்சு. மாடிக்கு வா. டோக்கன் நான் எடுக்கறேன்."

வேன்காரியின் முகத்தில் இருந்த ரத்தம் எங்கோ போயிற்று. வாசலில் வேன் ஓடிக்கொண்டே இருந்தது. அவள் போய் அதை அணைத்துவிட்டு வந்தாள்.

இருவரும் படி ஏறினார்கள். ஒருத்திக்கு வயிறு கனம், ஒருத்திக்குக் கால் கனம். நடுவில் ஒரு திருப்பத்தில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டார்கள். "பயமா இருக்குக்கா" என்றாள் வேன்காரி. "எனக்கும்தான்" என்றாள் இவள்.

டாக்டர் இப்போதெல்லாம் காலைத்தான் முதலில் பார்க்கிறார். நாடா வைத்து இரண்டு கெண்டைக்காலையும் அளந்தார். அழுத்தினார், மடக்கினார், தொட்டுச் சூடு பார்த்தார். கேள்வி கேட்டார். வலி வந்து போகிறதா, வந்தால் இருக்கிறதா? வந்து போகிறது. வீக்கம் எப்போதாவது? இல்லை. எந்த வண்டி ஓட்டுகிறாய்? வேன். அவர் நாற்காலியில் சாய்ந்தார்.

"ஒண்ணுமில்லைம்மா. கிளட்ச் மிதிக்கிற கால். வெறும் பிடிப்புதான். தூங்கறதுக்கு முன்னாடி பாதத்தை மேல மடக்கி நீட்டு. தண்ணி குடி. வேணும்னா மெக்னீசியம் எழுதறேன். சிலருக்குக் கேட்கும், சிலருக்குக் கேட்காது. வீங்கினா, சிவந்தா, உடனே ஓடி வந்துடணும்." எழுதினார். அதே பாட்டில். எழுதும்போது, பக்கத்தில் நின்ற மற்றவளை நிமிர்ந்து பார்க்கவில்லை.

இறங்கும்போது வேன்காரிக்கு முகத்தில் ரத்தம் திரும்பியிருந்தது, அதோடு கோபமும். "நல்லா பயமுறுத்திட்டீங்க. புள்ளைங்க ஸ்கூல் வாசல்ல நிக்குதுங்க. இப்ப நான் எப்படி வண்டி ஓட்டறது?" என்றாள். சொல்லிவிட்டு, அதிகம் பேசிவிட்டோமோ என்று பார்த்தாள்.

முதலாளி டாக்டரின் சீட்டை வாங்கிப் பார்த்தார். ஜெயித்தவர் போல் காட்டிக்கொள்ளக்கூடாது என்று ரொம்பப் பாடுபட்டார். பாட்டிலை எடுத்துப் புதுப் பெண்ணிடம் கொடுத்தார். என்ன சொல்லி விற்பது என்று பாட்டிலையும், படத்தையும், மறுபடி ஸ்டூலில் உட்கார்ந்தவளையும் அவள் மாறி மாறிப் பார்த்தாள்.

ஸ்டூலில் இருந்தவள் கையை நீட்டிப் பாட்டிலை வாங்கினாள். லேபிள் வேன்காரியின் பக்கம் இருக்கும்படி கண்ணாடியில் வைத்தாள். ஓடுகிற பெண் ஓடிக்கொண்டிருந்தாள்.

"சாப்பாட்டுக்கு அப்புறம் ஒண்ணு" என்றாள். "வெறும் வயித்துல போடாதே."

பிறகு ஒரு சின்ன நிறுத்தம். அடுத்த வரிக்காகப் புதுப் பெண் காத்திருந்தாள், முதலாளியும் காத்திருந்தார். இவள் குனிந்து, கழற்றிப்போட்ட இடது செருப்பைக் காலால் துழாவிக்கொண்டிருந்தாள். அது கவுன்ட்டருக்குக் கீழே எங்கேயோ கிடந்தது.